அவன் குரலுக்குப் பக்கத்தில்

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு" என்று அசோக் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினான். பூவிழி திரையிலிருந்த சின்ன வட்டத்தை மவுஸால் பிடித்து இடப்பக்கமாகத் திருகினாள். அதுவரை நெற்றிக்கு நேராகப் பாடிக்கொண்டிருந்த அவன் குரல் மெல்ல நகர்ந்து, கன்னத்தைக் கடந்து, அவளுடைய இடது காதோரம் போய் நின்றது. ஹெட்போனுக்குள் மட்டும் நடக்கிற காரியம் இது. நாற்காலியில் இருக்கிற அசோக் அப்படியே உட்கார்ந்திருப்பான். அவன் குரல் மட்டும் எழுந்து நடந்து அவள் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். யார் யாருடைய குரலையோ வருஷக்கணக்காக இப்படி நகர்த்தியவள்தான். ஆனாலும் அவன் குரல் நகரும்போது மட்டும் அந்தப் பக்கத்துத் தோள் லேசாகக் கூசும்.

"போதுமா?"

"இன்னும். கடைசி வரைக்கும் போ. இது போட்டிப் பாட்டு பூவிழி. அவன் ஒரு கரை, அவ ஒரு கரை. நடுவுல தினைக்காடு இருக்கணும். ரெண்டு பேரையும் ஒரே எடத்துல நிக்க வெச்சா அப்பறம் என்ன போட்டி, கல்யாணமே முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

அவள் சிரித்தாள். வட்டத்தை இடது கடைசிக்குக் கொண்டுபோனாள். அனிதாவின் குரலை வலது கடைசிக்குத் தள்ளினாள்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியில் இருக்கிறது அவளுடைய ஸ்டுடியோ. சுவரெல்லாம் ஸ்பாஞ்சும், கதவின் உட்புறம் ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தையும் அடித்து வைத்திருக்கிறாள். அப்படியும் கல் லாரி ஏர்ஹார்ன் அடித்தால் உள்ளே வந்துவிடும், பாடுகிறவர்கள் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அசோக் அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலையின் எடை மேடையில் வேலை பார்க்கிறான். லாரிகளை ஏற்றி இறக்கிவிட்டு, முடியில் படிந்த சாம்பல் தூசியோடு பஸ் ஏறி வருவான். இந்தப் பாட்டு அவன் ஊர்ப் பங்குனி உத்திரத்துக்கு. திருமானூருக்கு அப்பால் கொள்ளிடக் கரையோரம் இருக்கிற ஊர். வேடனாக வந்து தண்ணீர் கேட்கிற வேலனாக அசோக், பரண்மேல் நின்று பதில் சொல்கிற வள்ளியாக அனிதா. அனிதா திருச்சிப் பெண். டிவி பாட்டுப் போட்டியில் கொஞ்ச தூரம் போனவள். போன வாரம் காரில் வந்து, பாடிவிட்டு, பூவிழியின் தோளில் சாய்ந்து ஒரு செல்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நன்றாகத்தான் பாடியிருந்தாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாட்டைக் கலப்பது பூவிழிக்கு வீட்டுக்கு வந்தவர்களை உட்கார வைக்கிற மாதிரி. எல்லோரையும் நடுக்கூடத்தில் போட்டால் ஒருத்தர் முகமும் இன்னொருத்தருக்குத் தெரியாது. மிருதங்கம் எல்லோருக்கும் வேண்டியவர், அவரை நடுவில் வைக்கலாம். புல்லாங்குழலை வலதுபக்க ஜன்னலோரம். வயலினை இடதுபக்கம், கொஞ்சம் பின்னால். கோரஸ் பிள்ளைகளை இரண்டு பக்கமும் பிரித்து வாசலில். யாரை யாருக்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவள் கைக்கு அந்த அதிகாரம் உண்டு. அந்த அறைக்கு வெளியே அவளுக்கு அப்படி எந்த அதிகாரமும் இருந்ததில்லை.

அசோக் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். கதவுவரை போனவன் திரும்பினான்.

"உன் ட்ராக்க அழிச்சுட்டல்ல? போன தடவ அந்த மாரியம்மன் பாட்டுல கீழ உன் குரல் ஒட்டிக்கிட்டு கெடந்துச்சு, எல்லாம் கலங்கலா கேட்டுது."

"அழிச்சுட்டேன்."

"சரி, போயிட்டு வரேன். உத்திரத்துக்கு வந்துரு. புவனா போன் பண்ணுவா. நீ வராட்டி என்னையத்தான் திட்டுவா."

படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்கி, தெருச் சத்தத்தோடு சேர்ந்து மறையும்வரை அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலுக்கும் வாத்தியத்துக்கும் ஒன்றாக ஓடிய கோடுகள் எல்லாவற்றுக்கும் கீழே, நிறம் மங்கி, வாய் கட்டப்பட்ட ஒரு கோடு, அவளுடைய குரல், இருந்தது. அவள் அதை அழித்திருக்கவில்லை.

ட்ராக் பாடுவது என்பது இந்தத் தொழிலில் வழக்கம். பெரிய பாடகி வருவதற்கு முன்னால் வேறொருத்தி அந்தப் பாட்டை முழுக்கப் பாடி வைப்பாள். அதைக் கேட்டுக்கொண்டுதான் ஆண் குரல் பாடும், வாத்தியங்கள் வாசிக்கும். பாடகி வந்து அதே இடத்தில் பாடிவிட்டுப் போனதும் ட்ராக்கை அழித்துவிடுவார்கள். அசோக் வேலனாகத் தண்ணீர் கேட்டபோது, பாடுகிற அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பதில் சொன்னவள் பூவிழிதான். அவன் குரலில் இருந்த குறும்பெல்லாம் அவள் பதிலுக்குப் பிறந்தது. அனிதாவை அவன் ஸ்டுடியோவில் பார்க்கக்கூட இல்லை, அன்றைக்கு அவனுக்கு ஷிப்ட்.

ஒரு காலத்தில் ட்ராக் பாடவேண்டிய நிலையில் அவள் இல்லை. அரியலூர் மெல்லிசைக் குழுவில் அவளும் அசோக்கும்தான் ஜோடிப் பாடகர்கள். ஜெயங்கொண்டம், செந்துறை, அரும்பாவூர் என்று வேனில் போய் வந்த வருஷங்கள் அவை. பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன். உயிருக்கு ஒன்றுமில்லை, குரலில் மேலேயிருந்த கொஞ்சம் மட்டும் திரும்பி வரவில்லை. உச்சிக்குப் போகவேண்டிய இடம் வந்தால் அவள் கீழே இறங்கிப் பாடப் பழகிக்கொண்டாள். மேடையில் அது எடுபடவில்லை. வேனில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வேறு பெண்கள் உட்கார்ந்தார்கள். அவள் குழுவின் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரக் கற்றுக்கொண்டாள்.

குழுவில் எல்லாப் பெண்களும் ஆண் பாடகர்களை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். ராத்திரிப் பயணமும் பகல் பேச்சும் உள்ள தொழிலில் அது ஒரு வேலி. வேலிக்கு உள்ளே நிம்மதியாக இருக்கலாம். பூவிழி மட்டும் அசோக்கை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. வேறு எப்படியும் கூப்பிட்டதும் இல்லை. "இந்தாங்க", "கேட்டுச்சா", "ஒரு நிமிஷம்" என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் அவனோடு பேச்சை ஆரம்பிப்பாள். இத்தனை வருஷமும் ஒருவனைப் பெயரோ முறையோ இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டு ஓட்டுவது எவ்வளவு கவனம் வேண்டிய வேலை என்பது அவளுக்குத்தான் தெரியும். அவன் கவனித்திருக்கிறானா என்பது தெரியாது. புவனேஸ்வரியை அவன் கல்யாணம் செய்துகொண்ட அன்று, பந்தியில் எல்லோரும் அண்ணி அண்ணி என்று கேலி செய்துகொண்டிருக்க, பூவிழி அவள் கையைப் பிடித்து "அக்கா" என்றாள். புவனேஸ்வரிக்கு அவளைவிட வயது குறைவு.

அவனோடு வாழ ஆசைப்பட்டாளா என்று யாராவது கேட்டால் பூவிழிக்குப் பதில் தெரியாது. அவன் வேட்டியைத் துவைப்பது, அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் அவள் நினைப்பில் வந்ததில்லை. வருவதெல்லாம் ஒன்றுதான். மேடையில், இரண்டு மைக்குகளுக்கு நடுவே ஒரு முழ தூரத்தில், அவன் மூச்சு எடுப்பது கேட்கும். அவன் எங்கே மூச்சு எடுக்கிறானோ அங்கே அவள் ஆரம்பிப்பாள். அந்த ஒரு முழம்தான் அவளுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஒரு மனுஷியின் ஆசை இவ்வளவு சின்னதாக இருக்க முடியுமா என்று அவளுக்கே சில சமயம் சந்தேகம் வரும். சின்னதாக இருந்ததால்தானோ என்னவோ, அது தேயாமல் கிடந்தது.

அவள் அந்த மங்கிய கோட்டின் வாய்க்கட்டை அவிழ்த்தாள். தன் குரலைப் பிடித்து இடது பக்கமாகத் திருகினாள். அசோக்கின் குரல் நிற்கிற அதே இடத்தில், ஒரு அடி பின்னால் நிறுத்தினாள். பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். வலது பக்கம் அனிதா கணீரென்று பதில் சொல்லும்போது, அதே சொல், அதே தாளம், இடப்பக்கம் முணுமுணுப்பாக இருப்பது யார் காதுக்கும் எட்டாது. பெரிய குரல் சின்னக் குரலை விழுங்கிவிடும். ஹெட்போனின் வலது காதை விலக்கிப் பார்த்தாள். அனிதா காணாமல் போனாள். அசோக் தண்ணீர் கேட்டான். அவன் முடித்த இடத்தில், தூரத்து அறையிலிருந்து வருகிற மாதிரி, பூவிழி பதில் சொன்னாள். அவசரமாக ஹெட்போனை வலது காதில் மறுபடி பொருத்திக்கொண்டாள்.

கடைசியாக இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டாள். ஊர்த் திருவிழாவில் ரேடியோ செட் கட்டுகிறவர்கள் இரண்டையும் கலந்து ஒரே சத்தமாகத்தான் எல்லா ஒலிபெருக்கிக் குழாயிலும் விடுவார்கள் என்பதால் இந்தச் சோதனையை அவள் எப்போதும் செய்வாள். அனிதாவின் குரல் மேலே நின்றது. கீழே யாரும் இல்லை. இருப்பது அவளுக்கு மட்டும் தெரியும். அப்படியே பாட்டை அனுப்பிவிட்டாள்.

*

உத்திரத்தன்று காலையில் அவள் அரியலூரில் பஸ் மாறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து, அசோக்கின் ஊர் நிறுத்தத்தில் இறங்கினாள். டீக்கடையை ஒட்டிய கம்பத்தில் குழாய் கட்டியிருந்தார்கள். அவளுடைய பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

*தண்ணி தந்தால் போவீரா, தங்கிவிட மாட்டீரா?*

அனிதாவின் குரல் மேலே ஏறி, சவுக்கைச் சொடுக்குவது போலச் சொடுக்கிவிட்டு நின்றது. அடுத்து அசோக் பாடவேண்டும். பாடவில்லை. மிருதங்கமும் புல்லாங்குழலும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. பிறகு மறுபடி அனிதா.

"என்னம்மா பாட்டு இது" என்றார் டீக்கடைக்காரர், யாரிடமென்றில்லாமல். "காலையிலேருந்து பாக்குறேன், யாரும் ஒண்ணும் கேக்கவே இல்ல, இவ பாட்டுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கா. எங்க வூட்டுக்காரி மாதிரியே."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பூவிழியும் சிரிக்கப் பார்த்தாள். ஏதோ ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். அப்புறம்தான் புரிந்தது. இங்கே வலது பக்கம் மட்டும் வருகிறது. அப்படியென்றால் கோயில் பக்கத்துக் குழாய்களில் இடது பக்கம் மட்டும் வரும். இடது பக்கத்தில் இருப்பது யார் யார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்.

வாய்க்கால் மதகு வரைக்கும் அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். மதகில் இரண்டு பக்கத்துச் சத்தங்களும் வந்து முட்டிக்கொண்டன. முன்னால் ஒன்று, அரை வினாடி பின்னால் ஒன்று, எந்தச் சொல்லும் விளங்கவில்லை. அதைத் தாண்டியதும் அனிதா தேய்ந்துபோனாள். எதிரே, வேப்பமரத்துக் குழாயிலிருந்து அசோக் பாடினான்.

*தினைப்புனம் காக்கும் பெண்ணே, தண்ணி தர மாட்டாயா?*

பிச்சைமுத்து கோயில் மதிலோரம் பந்தல் நிழலில் இருந்தான். அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ரேடியோ செட் கட்டுகிறவன். அவளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வாங்கக்கா. பாட்டு சும்மா அள்ளுது. வேற பாட்டு போடவே வுடமாட்டேங்கிறாங்க."

அவன் முன்னால் இரண்டு சின்ன ஆம்ப்ளிபயர்கள் இருந்தன. போனிலிருந்து வந்த ஒயர் நுனியில் இரண்டாகப் பிரிந்து, சிவப்பு முனை ஒன்றில், வெள்ளை முனை ஒன்றில்.

"பெருசு மழையில நனைஞ்சு போச்சுக்கா. அதான் சின்னது ரெண்டு. ரெண்டு பின்னு இருக்குல்ல, ஆளுக்கு ஒண்ணாக் குடுத்துட்டேன். கோயில் பக்கம் இது, பஸ் ஸ்டாப் பக்கம் அது. போன திருவிழாவுலயும் இப்புடித்தான், ஒரு கம்ப்ளைண்டு இல்ல." டீ வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் செருப்பைத் தேடினான். "ஒரு நிமிஷம் பாத்துக்கங்க."

வேறு பாட்டுகளில் குரல்கள் நடுவில் இருந்திருக்கும். எந்தப் பின்னில் போட்டாலும் வந்திருக்கும். இரண்டு ஒயரையும் உரித்து முறுக்கிச் சேர்த்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அனிதா இந்தப் பக்கமும் வந்து நிற்பாள், கீழே இருப்பவள் மறுபடி கேட்காமல் போவாள். பூவிழி கோயில் பக்கத்துக்குப் போகிற வெள்ளை முனையில் கை வைத்தாள்.

அசோக் கேட்டு முடித்தான். வயலின் ஒரு இழை இழுத்தது. அந்தக் காலி இடத்தில், காலை வெயிலில், வேப்பமரத்துக்கு மேலேயிருந்து அவள் குரல் வந்தது. சன்னமாக, காய்ச்சலில் கிடப்பவள் பேசுகிற மாதிரி. ஆனால் கேட்டது. திறந்த வெளியில் தன் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று. *தண்ணி தந்தால் போவீரா* என்று கேட்டுவிட்டு, *தங்கிவிட மாட்டீரா* என்ற இடத்தில் அது மேலே ஏறாமல் கீழே இறங்கியது. மேலே போனால் அது கேலி. அனிதா பாடியது கேலி. கீழே இறங்கும்போது அது கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடுகிறது என்பதை, பாடிய அன்றைக்குக்கூட அவள் கவனிக்கவில்லை. இப்போது ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. தேங்காய்க்கடைக்காரி சில்லறை தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கை பின்னிலேயே இருந்தது, பிடுங்க வரவில்லை.

"காலையிலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அசோக் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மஞ்சள் வேட்டி, மார்பெல்லாம் சந்தனம். அவன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அழிச்சுட்டேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"மேல போற எடத்துல கீழ எறங்குறது நீ ஒருத்திதான். மொத தடவ கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு."

"லேப்டாப் பையிலதான் இருக்கு. எடுத்துட்டு வேற போட்டுத் தரேன். இல்லாட்டி ஒயரச் சேத்தாலே போதும்."

பாட்டு முடிந்து, குழாயில் வெறும் இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடியது. அவள் அவனுடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்த்தத்துக்குப் போய் வந்த மணல் விரல் இடுக்கில் ஒட்டியிருந்தது. "ஏன் இப்படிப் பண்ணின" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தாள். கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்றும் யோசித்தாள். இரண்டாவதுதான் அதிகம் பயமாக இருந்தது.

பிச்சைமுத்து டீ டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணே, டீக்கட மாமா சத்தம் போடுறாரு. அந்தப் பக்கம் உங்க குரலே வரலையாம். வள்ளி மட்டும் தனியா பொலம்புறாளாம். ஒயரப் பாக்கட்டுமா?"

"ம். பாரு. ரெண்டையும் சேத்து வுட்டுரு."

பூவிழி தலையாட்டினாள். அதுதான் சரி. சரியென்று தெரிந்த பிறகும் அவள் வெள்ளை முனையிலிருந்து கையை எடுக்கவில்லை. பிச்சைமுத்து தட்டை வைத்துவிட்டு, பிளேடைத் தேடி டப்பாவைக் குடைந்தான்.

"இரு பிச்சை." அசோக் அவன் கையைப் பிடித்தான். "இன்னொரு வாட்டி இப்புடியே ஓடட்டும். அப்பறம் சேத்துக்க."

"ஏண்ணே? அங்க திட்டுறாங்களே."

"திட்டட்டும். போடுன்னா போடேன்."

பிச்சைமுத்து அவனைப் பார்த்தான், பூவிழியைப் பார்த்தான், போனைத் தட்டினான். வயலின் ஆரம்பித்தது, மிருதங்கம் சேர்ந்துகொண்டது. புல்லாங்குழல் இல்லாத அந்த முகப்பு ஒரு பக்கச் சுவர் மட்டும் எழுப்பிய வீடு மாதிரி இருந்தது. அசோக் பந்தலை விட்டு வெளியே போய், வேப்பமரத்தடியில், குழாய்க்கு நேர் கீழே நின்றுகொண்டான். அவள் பக்கம் திரும்பவில்லை.

மதகின் மேல் மேளச் சத்தம் கேட்டது. கொள்ளிடத்திலிருந்து பால்குடங்கள் வந்துகொண்டிருந்தன. மஞ்சள் சேலைகளின் வரிசை, பஸ் ஸ்டாப்பைக் கடந்து, கோயில் தெருவுக்குள் வளைந்தது. பெண்கள் வள்ளியின் பதிலைக் கூடவே பாடிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பக்கம் முழுக்க அவர்கள் காதில் விழுந்துகொண்டிருந்தது அதுதானே. அனிதா ஏறிய மாதிரியே ஏறிப் பாடினார்கள். மதகைத் தாண்டியதும், அதே பதில் வேறு குரலில் கீழே இறங்கிக் கேட்க, பாட்டு தடுமாறியது. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள்.

புவனேஸ்வரிதான் முன்னால் வந்தாள். போனில் "நீ வராட்டி நான் பேசவே மாட்டேன் பூவிழி" என்று சொன்னவள். நீராடிய முகம், நெற்றி நிறைய மஞ்சள், தலையில் மஞ்சள் துணி கட்டிய குடம். வேப்பமரத்துக்கு நேராக வந்ததும் அவள் நடை மெதுவாயிற்று. குடம் இருந்ததால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்கள் மட்டும் குழாய்க்குப் போயின. அங்கிருந்து இறங்கி, அண்ணாந்தபடி நிற்கிற அசோக்கிடம் வந்தன. பிறகு பந்தலுக்குள், பூவிழியிடம்.

அசோக்கின் குரல் தண்ணீர் கேட்டு முடித்தது. மேளக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, அடிப்பதைக் கொஞ்சம் தணித்தார்கள். புவனேஸ்வரி நின்றுவிட்டாள். குடம் தளும்பி, துணியை மீறி, ஒரு கோடு பால் அவள் நெற்றி மஞ்சளைக் கரைத்துக்கொண்டு புருவம்வரை வந்து நின்றது. அவள் துடைக்கவில்லை. மேலே, இலைகளுக்கு நடுவே, அந்தச் சன்னமான குரல் மூச்சு எடுத்தது.